ஹூடாஸ் 2.0 வினாநிரல்: மூன்று வருடமாகக் கையில் வைத்திருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டின் மதிப்புரை

போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமிக்கு 100க்கு 95 மார்க் போட்டேன். வயது 74. வலது முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தானே குளிக்கிறார், தானே புடவை கட்டிக்கொள்கிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார். சிறுநீர் எப்போதாவது கட்டுப்படாமல் போகிறது என்று சொன்னதால் அதில் மட்டும் ஐந்து மார்க் குறைத்தேன். மகனுக்கு ரொம்ப சந்தோஷம். "அப்போ டிரீட்மென்ட் முடிஞ்சுடுத்து, இல்லையா மேடம்?" என்றார். நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது கண்ணாடி அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். ஏழெட்டு இருக்கும். "தை பிறந்தாச்சு, மாமிக்கு ஒரே கல்யாணமா?" என்று கேட்டேன். மாமி பதில் சொல்லவில்லை. மகன்தான், "அம்மா எதுக்கும் வர்றதில்லை, நாங்க போய்ட்டு வந்துடுவோம்" என்றார். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளிலேயே ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் போவதை அவர் நிறுத்திவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாரா வாரம் போய்வந்த பாராயண கோஷ்டிக்குக்கூடப் போகவில்லை. மார்க் 95, ஆள் வாசலைத் தாண்டி மாதக்கணக்காகிறது.

நான் மார்க் போட்டது பார்தெல் குறியீட்டில். முதியவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் எல்லோருக்கும் தெரிந்த பத்துக் கேள்விகள் அவை: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது, இப்படி. 1965-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற டாக்டரும் டோரதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் வெளியிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, இன்றைக்கும் முதல் நாள் அதைத்தான் போடுகிறேன். அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்: 100 வாங்கியவரால் தனியாக வாழ முடியும் என்று பொருள் இல்லை, சமைக்கவோ, வீட்டை நடத்தவோ, நாலு பேரைப் பார்த்துப் பழகவோ முடியாமல் இருக்கலாம், கூடவே ஓர் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான். படிக்கிற காலத்தில் எனக்கு யாரும் இந்த வரியைச் சொல்லித் தரவில்லை.

அடுத்த வாரம் மாமி வீட்டுக்கு ஹூடாஸை எடுத்துக்கொண்டு போனேன். மதிப்புரை அதைப் பற்றித்தான்.

ஹூடாஸ் 2.0 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இயலாமை மதிப்பீட்டு வினாநிரல். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்படிச் சொல்கிறோம். கையேடு 2010-ல் வந்தது. விலை கிடையாது. 36 கேள்விகள் கொண்ட முழு வடிவம், 12 கேள்விகள் கொண்ட சின்ன வடிவம் என்று உண்டு. நேரில் கேட்பதற்கு, அவரே எழுதித் தருவதற்கு, அவருக்காக வேறொருவர் பதில் சொல்வதற்கு என்று மூன்று விதமாகவும் கிடைக்கும். கடந்த 30 நாட்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆறு பகுதிகள்: புரிந்துகொள்வதும் பேசுவதும், நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, வீட்டு வேலையும் வெளி வேலையும், ஆறாவதாகச் சமூகத்தில் கலந்துகொள்வது. ஒவ்வொரு கேள்விக்கும் சிரமமே இல்லை, கொஞ்சம், நடுத்தரம், ரொம்ப, முடியவே முடியாது என்று ஐந்து படி; 1 முதல் 5 வரை, எண் ஏற ஏறச் சிரமம் அதிகம்.

நம் பக்கத்துக்கு இது அந்நியமும் இல்லை. டிமென்ஷியா என்ற மறதி நோய் பற்றி ஆராய்ந்த 10/66 குழு சென்னை நகரத்திலும் வேலூர் கிராமப்புறத்திலும் முதியவர்களிடம் ஹூடாஸைக் கேட்டிருக்கிறது. உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதால் அந்தப் பெயர் வைத்தார்கள்.

எனக்கு இதில் உயிராகத் தெரிவது ஆறாவது பகுதி. எட்டுக் கேள்விகள். திருவிழா, வழிபாடு போன்ற பொது நிகழ்ச்சிகளில் மற்றவர்களைப் போலக் கலந்துகொள்ள எவ்வளவு சிரமம்? சுற்றியிருக்கும் தடைகளால் எவ்வளவு சிரமம்? மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்தால் மரியாதையோடு வாழ எவ்வளவு சிரமம்? உடம்பைப் பார்த்துக்கொள்வதிலேயே எவ்வளவு நேரம் போகிறது? மனம் எவ்வளவு பாதிக்கப்பட்டது? பணம் எவ்வளவு கரைந்தது? உங்கள் உடல்நிலையால் குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டம்? உங்கள் சந்தோஷத்துக்காக நீங்களாக ஏதாவது செய்ய எவ்வளவு சிரமம்?

மாமி முதல் ஐந்து பகுதிகளுக்கும் வேகமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். நடமாட்டத்தில் ஐந்து கேள்விகளுக்குச் சேர்த்து 11, சராசரி 2.2. அதாவது கொஞ்சம் சிரமம். ஆறாவது பகுதியின் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். மகனை ஏதோ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினார். அப்புறம் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தது தரையோடு இருக்கும் கழிப்பறை. முட்டி மடக்க முடியாமல் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், எழுந்தபோது சோபா நனைந்துவிட்டது. அடுத்த முறை போனபோது, அவர் உட்காருவதற்கு முன்னால் அந்த வீட்டில் சோபா மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார்கள். "தப்பா ஒண்ணும் சொல்லலை, போட்டுட்டு உள்ள போய்ட்டா" என்றார். அதோடு அவர் எங்கேயும் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் இருப்பவர்களிடம் முட்டி வலி என்று சொல்லிவைத்திருந்தார்.

பொது நிகழ்ச்சிக்கு 5, தடைகளுக்கு 4, மரியாதைக்கு 3, மனதுக்கு 4. எட்டுக் கேள்விகளையும் சேர்த்து 28, சராசரி 3.5. பார்தெலிலும் இந்த விஷயம் இருந்தது: "எப்போதாவது கட்டுப்படுவதில்லை, ஐந்து மார்க் கழி." அந்த ஐந்து மார்க் ஒரு மனுஷியின் வெளி உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று எனக்குச் சொல்ல அதில் இடமே இல்லை.

தெரிந்துவிட்டால் செய்வதற்கு வழி இருக்கிறது. டாக்டரிடம் சொல்லி முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அடி இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி ஆரம்பித்தோம். பயத்தில் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார், அதை மாற்றினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வந்தாலும் வராவிட்டாலும், கழிப்பறை போவது என்று பழக்கினோம். வெளியே போகும்போது மட்டும் பேட். கல்யாண மண்டபத்துக்கு முன்கூட்டியே போன் செய்து வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, எந்தத் தளத்தில் என்று கேட்பது மருமகளின் பொறுப்பு. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார். வைகாசியில் மறுபடி 36 கேள்விகளும் கேட்டேன். ஆறாவது பகுதி 28-லிருந்து 19-க்கு இறங்கியிருந்தது. பார்தெல் அதே 95.

இதற்கு நேர்மாறாக உறையூரில் ஒரு தாத்தா. வயது 81, பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனம். பார்தெலில் 60 தாண்டாது. ஒரு கிலோமீட்டர் நடப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் தினமும் சாயங்காலம் நான்கு நண்பர்கள் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். சீட்டாட்டம், அரசியல், சண்டை எல்லாம் உண்டு. தெருவில் கோயில் திருவிழா என்றால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். நட்பைத் தொடர்வதில் சிரமமே இல்லை என்றார்; நான் கேட்டதையே வினோதமாகப் பார்த்தார். அவருடைய ஆறாவது பகுதி மாமியுடையதைவிடப் பாதிக்குப் பக்கம் குறைவு. இரண்டு பேரையும் பார்தெல் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் யாருக்கு என்ன தேவை என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பேன்.

இனி, கேட்பது எப்படி என்பது. கையேட்டில் முழு வடிவத்துக்கு 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது. எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, காபியோடு சேர்த்து. அவசரப்படுத்தினால் நம் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணும் சிரமம் இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் "வயசானா அப்படித்தானே" என்பார்கள். அவர்கள் மறைக்கவில்லை. வயதானால் வருவதைச் சிரமம் என்று கணக்கில் எடுப்பதே அவர்களுக்குப் பழக்கமில்லை. இதற்கு ஹூடாஸிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கூட வரும் அட்டையில் சிரமம் என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார்கள்: கூடுதல் முயற்சி, வலி அல்லது அசௌகரியம், மெதுவாகச் செய்வது, செய்யும் விதத்தையே மாற்றிக்கொள்வது. இந்த நான்காவதை நான் ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சொல்வேன். "நின்னு குளிச்சது போய் இப்போ ஸ்டூல்ல உக்காந்து குளிக்கிறீங்களா? அதுவும் கணக்கு" என்றதும் முகத்தில் ஒரு யோசனை வரும். அப்புறம் வருவதுதான் உண்மையான பதில்.

ஐந்து படிகளை வார்த்தையில் சொன்னால் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. கண் மங்கியவர்களும் படிக்கத் தெரியாதவர்களும் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். என் பையில் ஐந்து புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஒன்று வைத்தால் சிரமமே இல்லை, ஐந்தும் வைத்தால் முடியவே முடியாது. எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, கேள்வியை அப்படியே படித்துவிட்டு, "ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் படித்துறை வரைன்னு வெச்சுக்கோங்க" என்பேன். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

குறைகளும் இருக்கின்றன. மூன்று வருடத்தில் என்னைத் திரும்பத் திரும்ப இடறியவற்றை மட்டும் சொல்கிறேன்.

திருவானைக்கோவிலில் ஓர் அம்மா, கணவர் இறந்து ஆறு வருடம். நல்ல ஆரோக்கியம், கொஞ்சம் சர்க்கரை மட்டும். பொது நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கென்னம்மா இனிமே கல்யாணத்துல வேலை" என்றார். இதற்கு என்ன போடுவது? ஹூடாஸ் கேட்பது உடல்நிலையால் வரும் சிரமத்தை. அவரை ஒதுக்கியது உடம்பு இல்லை, ஊர் வழக்கம். விதிப்படி சிரமமே இல்லை என்று போட வேண்டும், அல்லது பொருந்தாது என்று விட வேண்டும். இரண்டுமே எனக்குப் பொய்யாகப் படுகிறது. ஓரத்தில் பென்சிலால் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். நம் நாட்டில் வயதான பெண்களைக் கேட்கும் யாருக்கும் இது வரும். அந்த ஓரத்துக் குறிப்பை விட்டுவிடாதீர்கள்.

"மற்றவர்களைப் போல" என்ற சொல்லும் தொல்லை தருகிறது. யார் மற்றவர்கள்? தன் வயதுக்காரர்களா, ஊரா? ஒரு பாட்டி தன் பேத்தியோடு ஒப்பிட்டுக்கொண்டு ஐந்து புளியங்கொட்டையும் வைத்தார். இந்த விஷயத்தில் வான் பிராக்கெல் என்பவரும் குழுவினரும் 2006-ல் வெளியிட்ட பங்கேற்பு அளவுகோல் தெளிவானது. தொழுநோய் போல மற்றவர்கள் ஒதுக்கிவைக்கும் நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்து நேபாளம், இந்தியா, பிரேசில் நாடுகளில் சோதித்து உருவாக்கிய 18 கேள்விகள். உடல்நிலை தவிர மற்ற எல்லாவற்றிலும் உங்களுக்குச் சமமானவரோடு ஒப்பிடுங்கள் என்று அது கேட்கிறது. அந்த ஒரு ஏற்பாட்டை ஹூடாஸ் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

தாம்பத்திய உறவு பற்றிய கேள்வி நான்காவது பகுதியில் வருகிறது. கூட்டுக் குடும்பத்தில், கூடத்தில் உட்கார்ந்து, பேரன் ஹோம்வொர்க் எழுதும் இடத்தில் அதைக் கேட்க முடியாது. ஆரம்பத்தில் நானாகவே தாண்டிவிடுவேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன், வயதானவர்களுக்கு அது இருக்காது என்று நானே முடிவு செய்வது மாதிரி ஆகிறது. இப்போதெல்லாம் தனியாக இருந்தால் மட்டும், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன். பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 68 வயது அம்மா ஒருவர் மட்டும் இடுப்பு வலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். டாக்டர் உட்பட யாரும் அதுவரை அவரைக் கேட்டதே இல்லை.

இன்னொன்று, உதவியையும் சேர்த்துத்தான் கேள்வி. வழக்கமாக எப்படிச் செய்கிறீர்களோ அப்படியே, கைத்தடியோடும் ஆளோடும் சேர்த்து மதிப்பிட வேண்டும். மருமகள் தினமும் குளிப்பாட்டிவிட்டால் குளிப்பதில் சிரமமே இல்லை என்றாகிவிடும். அந்த மருமகள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் தெரியும் கதை. மூன்றாவது பகுதியின் கடைசிக் கேள்வி, சில நாள் தனியாக இருப்பதைப் பற்றியது, இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது. அதனால் அந்தப் பதிலை எப்போதும் தனியாகப் பார்ப்பேன்.

36 கேள்வி வடிவமா 12 கேள்வி வடிவமா என்று கேட்கிறவர்களுக்கு: முதியவர்களுக்கு 36. பன்னிரண்டு கேள்வி வடிவம் ஐந்து நிமிடத்தில் முடியும். முழு வடிவத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் 81 சதவீதத்தை அது பிடித்துவிடுகிறது என்று கையேடு சொல்கிறது. கூட்டமாகப் பலரைக் கணக்கெடுக்க அது போதும். ஆனால் ஆறாவது பகுதியிலிருந்து அதில் இரண்டே கேள்விகள்தான் இருக்கின்றன, பொது நிகழ்ச்சியும் மனப் பாதிப்பும். மரியாதை பற்றிய கேள்வி இல்லை. தடைகள் பற்றிய கேள்வி இல்லை. மாமியை 12 கேள்வியோடு பார்த்திருந்தால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும், பிளாஸ்டிக் விரிப்பு தெரிந்திருக்காது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இல்லப் பராமரிப்பு நிறுவனத்தில் இந்த 12 கேள்விகளையும் போனில் கேட்டு முடிப்பார்கள், அதுவும் மகனிடமோ மகளிடமோ. வேறொருவர் பதில் சொல்வதற்கென்று வடிவம் இருப்பது உண்மை. டிமென்ஷியா முற்றியவர்களுக்கு அது தேவை. பேசக்கூடிய மனுஷியை விட்டுவிட்டு மகனைக் கேட்பதற்காக அதைச் செய்யவில்லை. மாமி வீட்டில் நான் ஒரு சோதனையாக மகனையும் தனியே கேட்டேன். நடமாட்டத்தில் அம்மா சொன்னதைவிட அதிகச் சிரமம் என்றார். பொது நிகழ்ச்சியில் "சிரமம் இல்லை, அவங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லை" என்றார். பாசமான பிள்ளைதான். அவர் கண்ணில் பட்டது முட்டி மட்டும்.

மதிப்பெண் தாளைக் குடும்பத்திடம் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பார்தெலில் எண் ஏறினால் நல்லது, ஹூடாஸில் எண் ஏறினால் சிரமம் அதிகம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து ஒரு வீட்டையே கலக்கியிருக்கிறேன். இன்னொரு வீட்டில், 0 முதல் 100 வரை போகும் விரிவான கணக்கில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இதைக் காட்டலாமா என்று கேட்டார்கள். முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 சதவீதம் என்று சொல்வது அரசு மருத்துவ அதிகாரிகள் வேறு விதிமுறைகளை வைத்துப் போடும் கணக்கு. இது எந்தச் சலுகையையும் வாங்கித் தராது.

கடைசியாக, எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கேள்வி கடந்த 30 நாட்களைப் பற்றியது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடி முடிவில் போய்க் கேட்டால் "ஒரு அழைப்பும் இல்லை, சிரமமும் இல்லை" என்றுதான் வரும். மார்கழியில் கோயிலுக்கும் பஜனைக்கும் போகிறவர்களுக்குக் குளிரும் விடியற்காலை இருட்டும் சேர்ந்து சிரமம் கூடுதலாகத் தெரியும். வேறு வேறு மாதத்தில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு வைத்தியம் பலித்தது என்று நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அதிலிருந்து படிவத்தின் மேல் ஓரத்தில் தேதியோடு தமிழ் மாதத்தையும் எழுதுகிறேன். மாமியின் முதல் படிவம் தை, இரண்டாவது வைகாசி, இரண்டும் முகூர்த்த மாதம். மூன்றாவதை ஆடி கழிந்ததும் எடுக்காமல், ஆவணிக் கடைசி வாரத்துக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.